அந்தவனுக்கு எடுத்த கல்

தமிழ் எழுத்தின் பழமைக்கு மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குகைகளையே முதலில் சான்று காட்டுவது வழக்கம். மாங்குளம் கல்வெட்டு நெடுஞ்செழியன் பெயரையும் துறவிகளுக்கு அளித்த கொடையையும் சொல்கிறது. அதனால் அக்காலத்தில் எழுத்து அரசனுக்கும் வணிகனுக்கும் துறவிக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் வேரூன்றியது. 2006இல் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவினர் கண்டெடுத்த மூன்று நடுகற்கள் அந்த எண்ணத்தைத் திருத்துகின்றன. தமிழ்ப் பிராமி எழுத்துடைய அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரைப் பூசலில், மாண்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. அதில் அரசனும் இல்லை, தானமும் இல்லை, சமயமும் இல்லை. மாடுகளே செல்வமாயிருந்த மக்கள் தங்கள் இழப்பைத் தங்கள் மொழியிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

எழுத்தறிந்த வெளியூர்க்காரன் எவனோ கூலிக்கு வெட்டிக் கொடுத்திருக்கலாமே என்று மறுப்பார்கள். இருக்கலாம். ஆனால் வெட்டியவன் யாராயினும், படிக்க ஆளில்லாத இடத்தில் பெயரையும் ஊரையும் பொறிக்கச் சொல்ல எவருக்கும் தோன்றாது. ஒரே இடத்தில் மூன்று கற்கள் கிடைத்திருப்பதால் தற்செயல் என்றும் தள்ள முடியாது. இவை எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்பது பரவலான கருத்து. கல் சொல்லும் கூடலூர் கம்பத்தை அடுத்த இன்றைய கூடலூர்தானா என்பதையும் அறுதியிட முடியாது. ஆறுகள் கூடுமிடம் எதற்கும் அப்பெயர் பொருந்தும். இவ்வையங்கள் தீராவிட்டாலும் கல்லிலுள்ள மொழி தமிழ் என்பதில் மாற்றமில்லை.

அதன் அருமை ஒப்பிட்டால்தான் விளங்கும். அக்காலத்தில் இந்தியாவின் பெரும்பகுதியில் கல்லில் ஏறிய மொழி பிராகிருதம். பேச்சில் பழமையான கன்னடத்துக்கே 5ஆம் நூற்றாண்டு ஹல்மிடிக் கல்வெட்டுதான் நெடுங்காலம் முதற்சான்றாகக் கருதப்பட்டது. ஐரோப்பாவில் எஸ்தோனிய மொழியின் சில சொற்கள் 13ஆம் நூற்றாண்டு லத்தீன் வரலாற்று நூலொன்றில் இடம்பெற்றன. ஓரளவேனும் எஞ்சியுள்ள அதன் முதல் அச்சு நூல் 1535இல் வந்த ஞானோபதேசம். எஸ்தோனிய உழவர்களின் மொழியை முதலில் ஏட்டில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் பிறமொழிக் குருமார்கள். வைகைக் கரையிலோ எழுத்துமுறை எவர் வழியாக வந்திருந்தாலும், அதைக் கொண்டு எழுதியது உள்ளூர்ச் சாவை, உள்ளூர் மொழியில். ஆகவே தமிழ் எழுத்தின் வரலாற்றைத் தலைநகரங்களில் மட்டும் தேடுவது போதாது. தேனியின் நடுகற்களுக்கும் குகைக் கல்வெட்டுகளுக்கு நிகரான இடத்தை அதில் கொடுக்க வேண்டும்.