எழுத்து அவளுடையது

எஸ்.எல். பைரப்பா 1970இல் கன்னடத்தில் எழுதிய ‘கிருஹபங்க’ நாவல், எச்.வி. சுப்ரமணியத்தின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு ‘ஒரு குடும்பம் சிதைகிறது’ என்று வந்தது. படித்தவர்கள் எல்லாரும் நஞ்சம்மாவை நினைத்து அழுதிருப்பார்கள். நானும்தான். ஆனால் எனக்கு அது ஒரு கணக்குநோட்டின் வரலாறும்கூட.

கணவன் சென்னிகராயன் சானுபோகன். நம்மூர் பாஷையில் கர்ணம். வேலை பரம்பரையாக வந்தது, தெரிந்து வந்ததல்ல. நல்லாத் தின்பான், பொண்டாட்டியை ஏசுவான், அவ்வளவுதான். மாமியார் கங்கம்மா வாயைத் திறந்தால் வசவு. நிலமும் கையைவிட்டுப் போன வீட்டில், நஞ்சம்மா கணக்கு எழுதக் கற்றுக்கொண்டு ஊர்ப் பேரேடுகளைத் தானே எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, கையெழுத்து அவனுடையது. பிறகு பஞ்சம், பிளேக். பிள்ளைகள் போகிறார்கள், கடைசியில் அவளும். பைரப்பாவே சிறுவயதில் தாயையும் உடன்பிறந்தவர்களையும் பிளேக்கில் இழந்தவர்.

‘மோசமான புருஷன்’ என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் பதவி அவனுக்குத்தான். எல்லாம் தெரிந்தாலும் அவளுக்குக் கிடைக்காது. அந்த வீட்டுச் சண்டையில் பாதி இந்த விதியிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் முறை 1980இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் ஒழிந்தது. நம் பழைய கிராமக் கணக்குகளில் எத்தனை பக்கம் எந்த நஞ்சம்மா எழுதியதோ!

போடிநாயக்கனூரிலிருந்து பார்த்தால் இது தூரத்துக் கதை இல்லை. நாவல் நடக்கும் அதே காலத்தில், 1928இல் போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போரில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்கெல்லாம் கோப்பு உண்டு. ஏலக்காய்க்கும் உண்டு: ஏலத்தில் லாட் எண், எடை, விலை எல்லாம் திரையில் வரும். ஆனால் ஒரு செடியின் காய் ஒரே நாளில் முற்றாது. சில வாரத்துக்கு ஒருமுறை அதே செடிக்கடியில் குனிந்து, முற்றியதை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறிப்போய் அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கீழே கிடங்கில் உட்கார்ந்து தரம் பிரிப்பதும் அவர்கள்தான். எஸ்டேட் மஸ்டர் ரோலில் ஆள் பெயரும் வேலைநாளும் இருக்கும். அந்தக் கூலியில் எவ்வளவு அடுப்புவரை வந்தது, எவ்வளவை வழியிலேயே புருஷன் வாங்கிக்கொண்டான் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.