வயற்காவல் துவக்கும் மாரி ஈரமும்

திருகோணமலை மாவட்டத்தில் பெரும்போகத்துக்கு ஐப்பசியில் விதைத்து, மாசி பங்குனியில் வெட்டுவார்கள். வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலமும் அதுவே. கதிர் பால் பிடிக்கும் நாட்களில் பன்றியும் யானையும் வயலில் இறங்கும். ஆகவே தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கங்களில் காவல் துவக்குக்கு வேலை வருவது ஆண்டின் மிக ஈரமான மாதங்களில்தான். ஒழுகும் காவற்கொட்டிலில், உப்புக் காற்றுப் படும்படி இரவு முழுக்கக் கிடக்கும் இரும்பு அது. இந்த வட்டாரத்துத் துவக்குகளின் வரலாற்றில் பாதி, அவை வெடிக்க மறுத்த கதைதான்.

துறைமுகக் கோட்டையின் பீரங்கிகளைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு 1624இல் அதைக் கட்டினர். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். ஊர்த் துவக்கைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கண்டி அரசின் கொல்லர்கள் ஐரோப்பிய மாதிரிகளைப் பார்த்துத் தாமே துவக்குச் செய்யக் கற்றிருந்தனர். பற்றவைக்கும் பொறியைக் குழலின் இடப்பக்கத்தில் வைப்பது அவர்களுடைய தனி அடையாளம். திரித் துவக்கில் திரி மழைக்கு அணைந்துவிடும். சக்கிமுக்கித் துவக்கில் கிண்ணத்து மருந்து ஈரம் குடித்துவிடும். உலர்ந்திருந்தாலும் சிலவேளை கிண்ணத்து மருந்து மட்டும் பற்றி, குழலுக்குள் இருப்பது பற்றாமல் போகும்.

1820களில் பரவத் தொடங்கிய செப்புக் கேப்பு இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்தது. கருமருந்தையும் சன்னத்தையும் வாய்வழியே போட்டுக் கோலால் இடித்து, முலைக்காம்பு போல நீட்டிய துளையுள்ள முனையின்மேல் கேப்பை மாட்டிச் சுடும் ‘இடியன்’ கிழக்கிலங்கைக் காடுகளில் நெடுங்காலம் நின்றது. வேட்டைக்காரர் கையில் அது செய்த அழிவு சிறிதல்ல. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் அரசாங்கப் பரிசுப் பணத்துக்காகக் கொல்லப்பட்டன என்று அக்காலத்தில் இலங்கையின் குடியேற்றச் செயலராயிருந்த எமர்சன் டெனன்ட் பதிவு செய்திருக்கிறார்.

இடியனின் கோளாறுகள் சிலவே. கருமருந்தின் கரி காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். கேப்புத் துளையை அடைக்கும். ஊசியால் துளையைக் குத்தி, சுடுநீரால் குழலைக் கழுவி, உலர்த்தி எண்ணெய் பூசினால் தீர்ந்தது. வெடிக்காத மருந்துக்குமேல் மறதியாக இன்னொரு முறை இடிப்பதுதான் ஆளைக் கொல்லும் தவறு.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம் அனுமதிப்பத்திர முறையை ஒழுங்குபடுத்தியது. ஆண்டுதோறும் கச்சேரிக்குப் போய்ப் புதுப்பிப்பது கமக்காரருக்கு வழக்கமாயிற்று. 1870களில் திருத்தப்பட்ட கந்தளாய்க் குளத்தின் கீழும், 1950களில் அல்லை நீர்ப்பாசனத் திட்டத்தின் கீழும் காடு வயலாக, காவலின் தேவையும் பெருகியது. மடித்துத் திறக்கும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் ‘சொட்கன்’ ஊருக்குள் வந்தது. அதன் குழலளவான ‘பன்னிரண்டு போர்’ என்பது ஓர் இறாத்தல் ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை வார்த்தால் ஓர் உருண்டைக்கு வரும் குறுக்களவு, அதாவது ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். பன்றிக்கு எஸ்.ஜி. தோட்டா, அவுன்சுக்கு எட்டுச் சன்னம்.

அக்காலத் தோட்டாவின் உறை மெழுகு பூசிய கடதாசி. மாரியில் அது உப்பி அறைக்குள் நுழையாது. நுழைந்தாலும் சுட்டபின் வெளியே வராது. 1960 தொடக்கம் பிளாஸ்டிக் உறை சந்தைக்கு வந்தபின்னரே அந்த வழக்கு முடிந்தது. இருந்தும் மடிப்புத் துவக்குக்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. திறந்து குழல்வழியே நிலாவைப் பார்த்தால் உள்ளே சேறா, குளவிக் கூடா, சிக்கிய தோட்டா அட்டையா என்பது தெரிந்துவிடும்.

முன்பிடியை இழுத்துத் தள்ளும் ‘ரிப்பீட்டர்’ இந்த வசதியைப் பறித்தது. அமெரிக்காவில் ஸ்பென்சர் 1882இல் இதைக் கொண்டுவந்தார். ஜோன் பிரவுணிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 அதை நிலைநிறுத்தியது. குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் தோட்டாக்கள் வரிசையாகக் கிடக்கும். பிடியைப் பின்னே இழுத்தால் பூட்டு விலகி, கொக்கி வெற்றுறையை இழுத்து வெளியே எறியும். அடுத்த தோட்டா தூக்கியில் ஏறும். முன்னே தள்ளினால் அது அறைக்குள் போய்ப் பூட்டும். கோளாறுகளில் மிகச் சாதாரணமானது மனிதக் கைக்குரியது: பதற்றத்தில் முழுவதும் இழுக்காமல் பாதியில் தள்ளுவது. உறை பாதி வெளியே, தோட்டா பாதி உள்ளே என்று இரண்டும் சிக்கும். குழாய்ச் சுருள்வில் தளர்ந்தால் தோட்டா வராது. கொக்கி தேய்ந்தாலோ அறையில் துரு ஏறினாலோ உறை கழலாது. பழைய எண்ணெய் பசையானால் எல்லாமே மந்தமாகும். சுடாத துவக்கின் பிடி அசையாதிருப்பதைக் கோளாறென்று நினைப்போரும் உண்டு. அது பூட்டியிருக்கிறது, விடுவிப்பு நெம்பை அழுத்த வேண்டும், அவ்வளவே.

உண்மையான ஆபத்து வேறு. ஈரமான தோட்டா சில நொடி தாமதித்து வெடிக்கலாம். ஆகவே விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை ஆளில்லாத பக்கம் நீட்டி அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். வலுவிழந்து ‘புஸ்’ஸென்ற சத்தம் வந்தால் அட்டை குழலில் தங்கியிருக்கக்கூடும், அடுத்த சூட்டில் குழல் பிளக்கும். மடிப்புத் துவக்குக்காரன் திறந்து பார்ப்பான். ரிப்பீட்டர்க்காரனின் கை பழக்கத்தால் அடுத்ததை ஏற்றிவிடும். வேகத்தைக் கொடுத்த பொறிதான் பார்க்கும் வாய்ப்பைக் கெடுத்தது.

1980களின் நடுப்பகுதியில் உள்நாட்டுப் போரால் வயற்காவல் துவக்கின் கதை அறுந்தது. கமக்காரரின் சொட்கன்களை ஒருபுறம் அரசும் மறுபுறம் ஆயுத இயக்கங்களும் எடுத்துக்கொண்டன. எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படையினருக்குச் சொட்கன் கொடுக்கப்பட்டது. அப்படை 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாயிற்று. 2009இல் போர் முடிந்தபின் வயல்கள் மீண்டும் விதைக்கப்பட்டபோது, காடேறிய நிலத்தில் பன்றியும் யானையும் பெருகியிருந்தன. கண்ணியாகக் கட்டிவைக்கும் சட்டவிரோதக் கட்டுத்துவக்கு யானையின் காலையும் விறகுக்குப் போனவர் காலையும் ஒன்றாகவே பதம் பார்க்கிறது. வனசீவராசிகள் திணைக்களம் மின்வேலி போடுகிறது. கமக்காரருக்கு யானைவெடியும் வழங்குகிறது. அதில் பொறியே இல்லை, திரி மட்டுந்தான். திரி நனைந்தால் பற்றாது. சீக்கிரம் எரிந்தால் கையிலேயே வெடிக்கும்.