ஒன்றிய ஆபீஸ் ஜீப்

சென்ற மாதம் கும்மிடிப்பூண்டியில் மைத்துனர் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். சிப்காட்டில் வேலை பார்க்கிறவன். மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் தகரக் கூரை போட்டு, ஒரு பழைய ஜீப்பை அக்கக்காகக் கழற்றி வைத்திருந்தான். பாடி ஒரு பக்கம், சேஸிஸ் ஒரு பக்கம், திண்ணை முழுக்க ஸ்பிரிங் பட்டைகள்.

"மாமா, ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்க" என்றான். முதல் பதிவு 1969. முதல் உரிமையாளர், நான் எழுத்தராக இருந்த அதே ஒன்றிய அலுவலகம். அந்த வண்டிக்கு லாக் புக் சரிபார்த்தவனே நான்தான்!

ஒன்றிய ஆபீசுக்கு ஜீப் வந்த கதை கொஞ்சம் நீளம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள். இங்கே 1945 அக்டோபர் 2-ஆம் தேதி இரும்பு வியாபாரத்துக்காக ஆரம்பித்த கம்பெனி மஹிந்திரா அண்ட் முகமது. பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சராகப் போய்விட்டார். 1948-இல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்றவர்கள் அவர்கள். 1952-இல், அதுவும் அக்டோபர் 2-ஆம் தேதிதான், சமுதாய நலத் திட்டம் தொடங்கியது. அப்புறம் ஜீப் இல்லாத பி.டி.ஓ.வை நினைத்துப் பார்க்க முடியுமா?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு ராணுவமும் சொந்தமாக ஒரு ஜீப் செய்து பார்த்தது. விலை அதிகம், சிக்கலும் அதிகம். கடைசியில் ஹாட்ச்கிஸ் கம்பெனி வில்லிஸ் உரிமத்தில் செய்த ஜீப்பையே வாங்கியது. நம்மைப் போலத்தான்.

எங்கள் வண்டி சிஜே 3பி. பானெட் உயரமாக இருக்கும். அழகுக்காக அல்ல, உள்ளே இருந்த ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜினே உயரம். 2199 சிசி. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வால்வு மேலே ஹெட்டில், புகை போகும் வால்வு கீழே பிளாக்கில். பெட்ரோலையும் நன்றாகக் குடிக்கும். சிக்கனத்துக்காக டிரைவர் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டார். லிவர் இருக்கும், இழுத்தால் முன் சக்கரம் அசையாது. ஒரு வடகிழக்கு மழையில் ஆரணி ஆற்றங்கரைச் சேற்றில் வண்டி புதைந்து, பி.டி.ஓ. முழங்கால் வரை வேட்டியை மடித்துக்கொண்டு தள்ளிய பிறகே ஷாஃப்ட் திரும்பப் பூட்டப்பட்டது.

எண்பதுகளின் கடைசியில் பெட்ரோல் பில்லைப் பார்த்து ஆடிட்டில் கேள்வி எழுப்பினார்கள். டீசல் என்ஜின் பொருத்தலாம் என்று குறிப்பு எழுதியவன் அடியேன். மஹிந்திரா 1979-இல் பிரெஞ்சு கம்பெனி பியூஜோவோடு ஒப்பந்தம் செய்து, பின்பு இகத்புரியில் தயாரித்த என்ஜின். எக்ஸ்டிபி 4.90 என்றால் நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். (பியூஜோ என்று நாங்கள் சொல்வதை என் பிரெஞ்சு வாத்தியார் கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.) பழைய என்ஜின் காயலான் கடைக்குப் போனது. செலவு இரண்டு வருஷத்தில் திரும்பிவிட்டது. எனக்குப் பாராட்டும் கிடைத்தது. அப்புறம் வண்டியைக் கண்டம் செய்து ஏலம் விட்டார்கள்.

இப்போது அந்தக் குறிப்பே பையனுக்கு இடைஞ்சலாக நிற்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் மாற்றாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். தரையைத் தின்ற துருவை டிங்கரிங் செய்துவிட்டான். கிங் பின் பேரிங் மாற்றியாயிற்று, டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் ஒழுக்கு நின்றது. என்ஜின் மட்டும் என்னுடையது!

இனி இப்படி வண்டி கிடைப்பதும் அபூர்வம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவு கிடையாது, உடைக்கத்தான் அனுப்ப வேண்டும். அவன் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் ஆலைகளில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கிறார்கள். எத்தனை ஆபீஸ் வண்டிகள் இதற்குள் கம்பியாகி யார் வீட்டுத் தூணில் நிற்கின்றனவோ.

புதுப்பேட்டையில் ஒரு ஹரிக்கேன் பிளாக் இருப்பதாகத் தகவல். விரிசல் இல்லையென்றால் வாங்கி, லேத் பட்டறையில் போரிங் போட வேண்டும். வேறு நம்பர் என்ஜினை ஆர்.டி.ஓ. ஒத்துக்கொள்வாரா என்பது விண்ணப்பம் போட்டால்தான் தெரியும். விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சேஸிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.