பல தட்டுகளில் ஒரு களஞ்சியம்

இன்று ஈப்போவிலோ தோ பாயோவிலோ ஒரு வீட்டின் மூலையில், எட்டு அல்லது பன்னிரண்டு வன்தட்டுகளைத் தாங்கிய இரும்புப் பெட்டியொன்று இரவு பகல் பாராது ஓடிக்கொண்டிருப்பதைக் காணக்கூடும். ஹார்ட் டிஸ்க் என்று மக்கள் வழங்குவதனையே வன்தட்டு என்கிறோம். குடும்பப் படங்கள், திருமண ஒளிப்பதிவுகள், ஓர் ஆசிரியர் பல்லாண்டு தொகுத்த பாடக் குறிப்புகள், ஸ்கேன் செய்து வைத்த பழைய நூல்கள் ஆகிய யாவும் அதனுள் அடங்கிவிடும். ஒரு தட்டு பழுதுற்றாலும் பெட்டி நின்றுவிடுவதில்லை. பழுதானதை உருவிப் புதியதைச் செருகினால், இழந்த செய்திகள் மீண்டும் அதில் எழுதப்பெறுகின்றன. இவ்விந்தை எவ்வாறு தோன்றியது என்பதும், இதனை நம்பியவர்கள் எங்கெங்கே ஏமாந்தனர் என்பதும் அறியத்தக்கவை.

வன்தட்டின் பிறப்பு 1956ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சான் ஹோசே நகரில், ரெனால்ட் ஜான்சன் என்பார் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் உருவாக்கிய ராமாக் என்னும் பொறியே முதலாவது. அதனுள் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. இத்தனைக்கும் அது கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. எடையோ ஒரு டன்னுக்கு மேல். எனினும், நாடாவைத் தொடக்கத்திலிருந்து ஓட்டித் தேடாமல், வேண்டிய இடத்தை நேரே எட்டிப் படிக்கலாம் என்ற நிலை அன்றுதான் பிறந்தது.

1973இல் அதே நிறுவனத்தின் 3340 என்னும் தட்டு வெளிவந்தது. இதற்கு வின்செஸ்டர் என்னும் துப்பாக்கியின் பெயர் வழங்கியது. முப்பது முப்பதாக இரு கூறுகள் கொண்டதாகத் திட்டமிட்டபோது, ‘முப்பது-முப்பது’ என அழைக்கப்பட்ட அத்துப்பாக்கியை நினைத்துத் தலைமைப் பொறியாளர் கென் ஹாட்டன் இப்பெயரை இட்டார். 1980இல் சீகேட் நிறுவனத்தின் ஐந்தேகால் அங்குலத் தட்டு வந்தது. அதன் கொள்ளளவு 5 மெகாபைட். ராமாக் தாங்கிய அளவு ஏறக்குறைய முழுதும், இருபத்து நான்கே ஆண்டுகளில் கையில் தூக்கும் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. அந்நிறுவனம் 1982இல் சிங்கப்பூரில் ஆலை தொடங்கியது. பிறரும் பின்தொடர, உலகின் வன்தட்டுத் தொழிலில் இத்தீவு முதன்மையான இடமாக விளங்கிய காலமும் ஒன்றிருந்தது. பினாங்கும் அத்தொழிலில் பங்கு கொண்டது. இன்றைய இல்லக் களஞ்சியத்தின் கதையில் நம் வட்டாரத்திற்கும் இடமுண்டு என்பதற்காகவே இதனைக் குறித்தோம்.

சிறு தட்டுகள் மலிவாகக் கிடைத்ததும் ஒரு கேள்வி எழுந்தது. பெருநிறுவனங்களின் கணினி அறைகளை அடைத்துக்கொண்டிருந்த விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றுக்குப் பதிலாக, மலிவான சிறு தட்டுகள் பலவற்றைக் கூட்டிப் பயன்படுத்தினால் என்ன? கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் இக்கேள்வியை ஆராய்ந்தனர். அவர்களின் ஆய்வுரை 1987 டிசம்பரில் பல்கலைக்கழக அறிக்கையாகவும், 1988இல் மாநாட்டுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. ஐ.பி.எம். 3380 என்ற பெருந்தட்டின் கொள்ளளவு 7,500 மெகாபைட். கானர் நிறுவனத்தின் மூன்றரை அங்குலத் தட்டின் கொள்ளளவு 100 மெகாபைட். ஆகவே 75 சிறு தட்டுகள் ஒரு பெருந்தட்டுக்கு ஈடாகும். மின்சாரமும் விலையும் குறையும். பல தட்டுகள் ஒரே வேளையில் இயங்குவதால் வேகமோ பன்மடங்காகும்.

இங்கேதான் சிக்கல். ஒரு சிறு தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் பழுதின்றி ஓடும் எனக் கொண்டால், நூறு தட்டுகளைச் சேர்த்த கூட்டத்தில் ஏதேனும் ஒன்று 300 மணி நேரத்திற்குள் பழுதாகும். அதாவது இரண்டு வாரத்திற்கும் குறைவு! செய்தி எல்லாத் தட்டுகளிலும் துண்டு துண்டாகப் பரவிக் கிடப்பதால், ஒன்று கெட்டால் அனைத்தும் கெட்டதாகும். கூட்டம் பெருகப் பெருக வலிமை பெருகும் என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம்; கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்லிற்று. இதனை மறைக்காமல் முதலில் எடுத்துக் கூறிவிட்டு, பிறகு தீர்வு தேடியதே அக்கட்டுரையின் நேர்மை எனலாம்.

தீர்வு எளிய எண்கணக்கே. மூன்று தட்டுகளில் ஓரிடத்திலுள்ள எண்கள் 1, 0, 1 என்க. ஒன்றுகளின் தொகை இரட்டைப்படையாக இருக்குமாறு நான்காம் தட்டில் ஓர் எண் எழுத வேண்டும். இங்கு ஒன்றுகள் இரண்டு. ஆகவே நான்காவதில் 0. இப்போது இரண்டாம் தட்டு அழிந்துபோனதாகக் கொள்வோம். மிஞ்சியவை 1, 1, 0. தொகை ஏற்கெனவே இரட்டைப்படையாக இருப்பதால், இழந்தது 0 என்பது உடனே விளங்கும். அழிந்தது எத்தட்டு என்று தெரிந்தால் போதும், அதிலிருந்த ஒவ்வோர் எண்ணையும் இவ்வாறே மீட்கலாம். இச்சரிபார்ப்பு எண்களையெல்லாம் ஒரே தட்டில் குவித்தால், ஒவ்வொரு முறை எழுதும்போதும் அத்தட்டையே நாட வேண்டியிருக்கும். ஆகவே அவற்றை எல்லாத் தட்டுகளிலும் பிரித்து வைப்பதே ஐந்தாம் நிலை. மூவரும் வகுத்த ஐந்து நிலைகளுள் புகழ் பெற்றதும் பின்னர்ப் பழிக்கு உள்ளானதும் இதுவே.

இம்முறைக்கு அவர்கள் இட்ட பெயர் ரெய்டு. அச்சொல்லைக் கேட்டதும் நம் வாசகருக்கு அதிகாரிகளின் திடீர்ச் சோதனைதான் நினைவுக்கு வரும்; ஆனால் இஃது ‘மலிவான தட்டுகளின் மிகைக்கூட்டம்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். பின்னாளில் இவற்றை விற்ற வணிகர்கள் ‘மலிவான’ என்பதைத் ‘தனித்தனியான’ என்று மாற்றிக்கொண்டனர். விலையை உயர்த்தி விற்பவர்க்கு மலிவு என்னும் சொல் கசந்ததில் வியப்பில்லை. கருத்து முற்றிலும் புதியதும் அன்று. அழிந்த நினைவகத்தின் செய்தியை மீட்கும் முறைக்கு ஐ.பி.எம். பொறியாளர் நார்மன் கென் ஔச்சி 1978இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஒரே செய்தியை இரு தட்டுகளில் எழுதும் முறையை டாண்டம் நிறுவனம் முன்பே கையாண்டது. பெர்க்லி மூவர் செய்தது, சிதறிக் கிடந்தவற்றை ஒழுங்குபடுத்திப் பெயரிட்டு, அளந்து காட்டியது. 1989இல் 28 தட்டுகளைக் கொண்டு அவர்கள் முதல் மாதிரியையும் கட்டினர்.

காலப்போக்கில் இது வீட்டிற்கு வந்தது. லினக்ஸ் போன்ற இலவச இயக்க முறைமைகள், தனிக்கருவி எதுவுமின்றியே இக்கணக்கைச் செய்தன. 2005இல் பிரான்ஸ் நாட்டவரான ஒலிவியே கோஷார் தொடங்கிய ஃப்ரீநாஸ் என்னும் மென்பொருள், பழைய கணினியொன்றைக் களஞ்சியமாக மாற்றிக்கொள்ள வழி செய்தது. 2009இல் பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், 45 தட்டுகள் செருகிய பெட்டியொன்றின் வரைபடத்தை எல்லாரும் காண வெளியிட்டது. 67 டெராபைட் கொள்ளும் அப்பெட்டிக்கு ஆன செலவு 7,867 டாலர். பெருநிறுவனங்கள் கேட்ட விலையோடு ஒப்பிட்டவர்கள் திகைத்தனர்.

ஆனால் கட்டத் தொடங்கியவர்கள், தட்டு மட்டும் பழுதாகும் பொருளன்று என்பதை விரைவில் உணர்ந்தனர். முதல் இடர் மின்சாரம். மூன்றரை அங்குலத் தட்டு சுழலத் தொடங்கும் நொடிகளில் 12 வோல்ட் கம்பியில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டு தட்டுகள் ஒன்றாக எழுந்தால் 24 ஆம்பியர். மலிவான பவர் சப்ளை இதனைத் தாங்காது. சில தட்டுகள் காணாமற்போகும், மறுமுறை இயக்கினால் வேறு சில மறையும். தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புவதே இதற்குரிய ஏற்பாடு.

இரண்டாவது கேபிள். தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைக்கும் ஸ்மார்ட் என்னும் பதிவேடு ஒன்றுண்டு. அதில் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை ஏறினால் தட்டில் நோய் என்று பொருள். செய்தி கடத்தலில் நேரும் பிழைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறினால், நோய் பெரும்பாலும் கம்பியில். இவ்வேறுபாடு அறியாமல் நல்ல தட்டைக் கழற்றி எறிந்தவர் பலர். அதனினும் கொடியது, பழுதான தட்டு என்று எண்ணி நல்ல தட்டை உருவிவிடுவது. ஒன்றை இழந்து தள்ளாடும் கூட்டம் அக்கணமே முழுதும் வீழும். தட்டின் வரிசை எண்ணை ஒட்டுத்தாளில் எழுதி முகப்பில் ஒட்டும் வழக்கம் இவ்வாறு பட்டறிந்தவர்களிடமிருந்தே பரவியது.

மூன்றாவது, பொறுமை பற்றியது. சாதாரண மேசைக் கணினித் தட்டு, படிக்க இயலாத ஓரிடத்தைக் கண்டால் ஒரு நிமிடத்திற்கும் மேலாக முயன்றுகொண்டிருக்கும். தனித்து இயங்கும்போது அது நற்பண்பு. கூட்டத்திலோ, சில நொடிகளே காத்திருக்கும் கட்டுப்பாட்டு அட்டை, ‘இது செத்தது’ என்று தள்ளிவிடும். கூட்டத்திற்கென விற்கப்படும் தட்டுகள் ஏறத்தாழ 7 நொடிகளில் முயற்சியைக் கைவிடுமாறு அமைக்கப்பட்டவை.

தட்டுகளின் மரணக் கணக்கை 2007இல் இரு ஆய்வுகள் புரட்டிப் போட்டன. ஒன்று பியாங்கா ஷ்ரோடரும், முன்பு கண்ட அதே கார்த் கிப்சனும் எழுதியது. ஏறக்குறைய ஒரு லட்சம் தட்டுகளை ஆராய்ந்தது. தயாரிப்பாளர் குறிப்பின்படி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுகூட மாற்ற வேண்டியதில்லை. உண்மையில் இரண்டு முதல் நான்கு வரை மாற்றப்பட்டன, சில இடங்களில் 13 வரையிலும் சென்றது. மற்றொன்று கூகுள் பொறியாளர்களுடையது. வெப்பத்திற்கும் பழுதுக்கும் பலரும் நம்பிய அளவு தொடர்பில்லை என்றது. பழுதான தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான ஸ்மார்ட் குறிகள் நான்கில் ஒன்றையும் காட்டாமலே மாண்டன என்றும் கூறியது. இருபதாண்டுகளுக்கு முன் 30,000 மணி என்ற எண்ணை எடுத்துக் கணக்கிட்ட கிப்சனே, அத்தகைய எண்களின் நம்பகத்தை ஆராயப் புகுந்தது போற்றத்தக்கது.

தட்டுகள் பெருத்தபோது ஐந்தாம் நிலைக்கும் கேடு வந்தது. 100 இலட்சம் கோடி பிட்டுகளைப் படித்தால் ஒன்று படிக்க இயலாமற்போகலாம் என்பது பல தட்டுகளின் அறிவிக்கப்பட்ட அளவு. அது வெறும் 12.5 டெராபைட். ஒரு தட்டை மீட்கும்போது மற்றவை அனைத்தையும் முழுதும் படிக்க வேண்டும். மீட்பு நாட்கணக்கில் நீளும். அந்த அளவு உண்மையைவிடக் கடுமையானது என்பாரும் உளர். எனினும் இரண்டு தட்டுகள் இழந்தாலும் தாங்கும் ஆறாம் நிலையை நோக்கிப் பலரும் சென்றனர்.

இவை யாவும் ஓசையுடன் வரும் கேடுகள். ஓசையின்றி வருவது ஒன்றுண்டு. தட்டு தவறான செய்தியை, சரியானது போலவே கொடுத்துவிடும். பழைய முறையில் அதனைக் கண்டறிய வழியில்லை. சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்றாலும், எத்தட்டு பொய் சொல்கிறது என்று தெரியாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக்கும் மாத்யூ அரென்சும் 2001இல் தொடங்கிய இசட்.எஃப்.எஸ். இதற்கு விடை கண்டது. ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் ஒரு முத்திரை எண் கணித்து, அதனை அச்செய்தியோடு வைக்காமல், அதனைச் சுட்டும் மேல்துண்டில் வைத்தனர். படிக்கும்போது முத்திரை பொருந்தாவிடில், மற்றத் தட்டுகளிலிருந்து உண்மையை மீட்டு அங்கேயே திருத்திவிடும். பழையதன்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதி முடித்த பின்னரே சுட்டியை மாற்றுவதால், எழுதும் நடுவே மின்சாரம் போனாலும் முரண்பாடு நேராது. 2005இல் இதன் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. 2007இல் ஃப்ரீபிஎஸ்டியில் சேர்ந்து, அதன் வழியே வீடுகளுக்கும் வந்தது. அதே நிறுவனத்தில் 2008 டிசம்பரில் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் ஓடிக்கொண்டிருந்த தட்டுகளின் முன் நின்று உரக்கக் கத்தினார்; அந்த அதிர்வில் தட்டுகள் தாமதிப்பது திரையில் கோடாக எழுந்தது. பல தட்டுகளை இறுகப் பூட்டிய பெட்டியில் ஒன்றன் நடுக்கம் மற்றொன்றைத் தாக்கும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுவதில்லை.

2011இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து வன்தட்டு ஆலைகள் நீரில் மூழ்கின. விலை இரட்டிப்பாயிற்று. ஆயினும் கடைகளில் விற்ற வெளித்தட்டுகளின் விலை குறைவாக இருந்தது. எனவே அவற்றை வாங்கி, நுங்கை உரிப்பது போல் உறையை உடைத்து உள்ளிருந்த தட்டை எடுத்துப் பயன்படுத்தினர். பேக்பிளேஸ் நிறுவனமே தன் பணியாளரைக் கடை கடையாக அனுப்பியது. இவ்வழக்கம் இல்லத்தாரிடம் நிலைத்தது. பின்னாளில் அவ்வாறு உரித்த சில தட்டுகள் வீட்டுப் பெட்டியில் உயிர்பெற மறுத்தன. தட்டு பழுதன்று. மின்முனையின் மூன்றாம் கம்பி வழியே வரும் 3.3 வோல்ட்டை, புதிய தட்டுகள் ‘அணைந்திரு’ என்னும் கட்டளையாகக் கொண்டன. பழைய பவர் சப்ளைகளோ அதனை ஓயாது அனுப்பின. அம்முனையின்மேல் சிறு துண்டு டேப் ஒட்டியதும் தட்டு சுழன்றது.

இத்துணைக் காப்பும் மனிதரின் கைப்பிழைக்கு முன் நிற்பதில்லை. எத்தனை தட்டுகளில் பரப்பினாலும், ‘அழி’ என்ற கட்டளை அத்தனையிலும் ஒரே கணத்தில் நிறைவேறும். 1998இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறான கட்டளையொன்றால் அழிந்தன. காப்புப் படிகளைத் தேடினர். அவை முறையாக எழுதப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பெற்றிருந்த கேலின் சூஸ்மன் என்ற பணியாளர், வீட்டிலிருந்தே பணிபுரிவதற்காகப் படத்தின் படியொன்றைத் தம் இல்லக் கணினியில் வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் பட்டியால் கட்டி, மெல்ல ஓட்டி வந்தனர். படம் மீண்டது. பிறகு கதை பிடிக்கவில்லை என்று அதன் பெரும்பகுதியை மாற்றி மீண்டும் உருவாக்கி, 1999 நவம்பரில் வெளியிட்டனர்.