முதல் பெயரும் 1390-ஆவது பெயரும்

அமெரிக்க பேஸ்பால் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' முறை 1965-இல் தொடங்கியது. பணக்கார அணிகளே நல்ல பையன்களை வாரிக்கொண்டு போகக் கூடாது என்று, பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டே நியூயார்க் மெட்ஸ் அணி முதல் பெயராக ஸ்டீவ் சில்காட் என்ற 17 வயதுப் பள்ளி மாணவரை எடுத்தது. தோள்பட்டைக் காயம் அவரை விடவில்லை. மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஒதுங்கினார். இரண்டாவதாக எடுக்கப்பட்ட ரெஜி ஜாக்சன் 563 ஹோம் ரன் அடித்தார். 1991-இல் யாங்கீஸ் அணி 15.5 லட்சம் டாலர் கொடுத்த பிரையன் டெய்லருக்கும் தோள்தான் எமனாயிற்று. அவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை.

மாறாக, 1988-இல் மைக் பியாட்சா 62-ஆம் சுற்றில், 1390-ஆவது பெயர். அதுவும் அப்பாவின் நண்பரான டாட்ஜர்ஸ் மேலாளர் லசோர்டா சொன்னதற்காக எடுத்தார்கள். 2016-இல் அவர் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்.

காரணம் எளிது. கையெழுத்திட்ட பையன் நேரே பெரிய மைதானத்துக்குப் போவதில்லை. மைனர் லீக்கில் படிப்படியாக, ஆண்டுக்கணக்கில் ஏற வேண்டும். எங்கள் அலுவலக பாஷையில் சொன்னால், நியமன ஆணை வந்துவிட்டது, தகுதிகாண் பருவம் முடியவில்லை.

அதற்குள் மாலை போட்டுவிடுகிறோம். பிறகு 'தோற்றவன்' என்கிறோம். ஒரு பையனின் தோள் பழுதானது அவன் தோல்வியா? எதிர்பார்ப்பு நம்முடையது, சுமப்பவன் அவன்.