ஜெர்மினாலும் ஆடிப் பட்டமும்

என் மனைவி மறைந்து ஒரு வருடம் கழித்துப் பரணை ஒழித்தபோது ஒரு பழைய ஓவல்டின் டப்பா கிடைத்தது. உள்ளே விறகுச் சாம்பல். கொட்டப் போனவன், விரலில் ஏதோ தட்டுப்பட்டதால் முறத்தில் கொட்டிப் பார்த்தேன். 18 அவரை விதைகள் இருந்தன. மதுராந்தகம் பக்கத்தில் இருந்த அவளுடைய அம்மா வீட்டிலிருந்து 1976-ல் கொண்டுவந்த கொடி அவரை அது. ராயபுரம் வீட்டு மாடியில் மண்ணெண்ணெய் டின்னில் மண் நிரப்பி வருடாவருடம் போடுவாள். தை மாதத்தில் பொரியலாகவும் குழம்பாகவும் இலைக்கு வரும். நான் சாப்பிட்டதோடு சரி. அவள் எப்போது விதைத்தாள், எப்போது பறித்தாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. காலை ஒன்பதுக்கு ஆபீஸ், மாலை ஏழுக்கு வீடு என்று முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது.

டப்பா கிடைத்தது மார்ச் மாதக் கடைசி வாரம். விதைக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது என்று என் மனதில் பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் வாசகப் புத்தகத்தில் வருடத்துக்கு நான்கு பருவங்கள். மார்ச் 21 அன்று வசந்தம் பிறக்கும். பனி உருகும், தோட்டக்காரர் மண்ணைக் கொத்துவார், விதை போடுவார். படத்தில் அவர் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். அதை நாங்கள் பங்குனி வெயிலில், சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, உரக்கப் படிப்போம். வெளியே வேப்ப மரத்தடியில் நாய் நாக்கைத் தொங்கப் போட்டுப் படுத்திருக்கும். புத்தகத்துக்கும் ஜன்னலுக்கும் உள்ள வித்தியாசம் எங்களில் யாருக்கும் உறைத்ததாக நினைவில்லை.

வரலாற்று வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சியின் காலண்டரை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அரசனை ஒழித்தவர்கள் பழைய காலண்டரையும் ஒழித்து, 1793 அக்டோபரில் புதிதாக ஒன்றை அமல்படுத்தினார்கள். 30 நாள் கொண்ட 12 மாதங்கள், மீதி ஐந்தாறு நாட்கள் தனி. மாதங்களுக்குப் பெயர் வைத்தவர் ஃபாப்ர் தெக்லாந்தின் என்ற கவிஞர். பனிமூட்ட மாதம் ப்ரூமேர், உறைபனி மாதம் ஃப்ரிமேர், விதை முளைக்கும் மாதம் ஜெர்மினால். மார்ச் 21-ஐ ஒட்டித் தொடங்கி ஏப்ரல் 19-ஐ ஒட்டி முடிவது ஜெர்மினால். ஒவ்வொரு நாளுக்கும் புனிதர்களின் பெயருக்குப் பதிலாகச் செடி, பிராணி, உழவுக் கருவி என்று பெயர் வைத்தார்கள். தெக்லாந்தினுடைய கதை சோகமானது. 1794 ஏப்ரல் 5 அன்று, அவரே பெயர் வைத்த ஜெர்மினால் மாதத்தில், கில்லட்டினில் அவர் தலை போயிற்று.

மனித குலம் முழுவதற்கும் பொதுவான காலண்டர் என்றுதான் அவர்கள் அதை நினைத்தார்கள். ஆனால் மாதப் பெயர்கள் எல்லாம் பாரீஸ் வட்டாரத்து வானிலை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே ரீயூனியன் தீவில், மார்ச்சில் கோடை முடிகிறது. அங்கே அது எப்படி முளைக்கும் மாதமாகும்? புதுச்சேரி தப்பித்தது ஒரு விபத்தால். 1793 ஆகஸ்டிலேயே ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துவிட்டார்கள். 1806 ஜனவரி 1 முதல் நெப்போலியன் அந்தக் காலண்டரை ரத்து செய்தார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்கு நிலையாகத் திரும்பியது 1816-ல். காலண்டர் போய்விட்டாலும் ஜெர்மினால் என்ற சொல் என் மண்டையில் தங்கிவிட்டது. அதை நம்பித்தான் பங்குனியில் 9 விதைகளை ஊன்றினேன். நல்ல வேளையாக, பாதியைக் கையிருப்பில் வைக்கும் குமாஸ்தா புத்தி இருந்தது.

ஐந்தாம் நாள் முளை வந்தது. சித்திரை வெயிலில் இரண்டு வேளை தண்ணீர் விட்டு, பழைய வேட்டியால் நிழல் கட்டிக் காப்பாற்றினேன். வைகாசியில் கொடி ஓடி, துணி காயப்போடும் கம்பி முழுவதும் படர்ந்தது. ஆனி வந்தது, ஒரு பூ இல்லை. அசுவினிதான் கருப்பாக அப்பியது. ஆடி பிறந்தும் பூவைக் காணோம். விதை கெட்டுவிட்டது, மலட்டுக் கொடி என்று முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கி மாடியில் குவித்தேன்.

அடுத்த வீட்டு மாடியில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் பார்த்துவிட்டார். என் மனைவிக்குச் சிநேகிதி.

"இன்னா சார், நல்ல கொடியைப் புடுங்கிப் போட்டுக்கினு கீறீங்க?"

"பூக்கவே இல்லைம்மா."

"எப்போ போட்டீங்க?"

"பங்குனியில."

"பங்குனில போட்டா இன்னா, ஆடில போட்டா இன்னா, அது காத்திகைலதான் சார் பூக்கும். அக்கா இருந்திருந்தா ஒங்களைக் கிட்டவே விட்டிருக்க மாட்டாங்க."

எனக்கு வாய் எழவில்லை. கையில் வைத்திருந்த கொடி அதற்குள் வாடத் தொடங்கியிருந்தது.

அன்று முதல் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தது ஒரு ஆறுதல்: ஏமாந்தது நான் மட்டும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் எல்லாருமே தங்கள் ஊர் மார்ச்சையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தவர்கள்தான். சூயஸ் கால்வாய் 1869-ல் திறக்கும்வரை கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் வர வேண்டும். சென்னையில் துறைமுகம் கட்டும் வேலைக்கு அடிக்கல் நட்டதே 1875-ல். அதுவரை கப்பல் கடலில் தள்ளி நிற்கும். மசூலாப் படகில் அலையோடு போராடிச் சரக்கைக் கரைசேர்ப்பார்கள். விதைக்கு எமன் இரண்டு: ஈரம், சூடு. கப்பலில் இரண்டுமே உண்டு. தப்பிவந்த விதையை இங்கே வசந்தம் என்று பங்குனியில் விதைத்தால் மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

அவர்கள் விடாமல் முயன்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் லெஷனோ என்ற தாவரவியலார் 1816-ல் வந்து, இங்கிருந்து கரும்பு, பருத்தி வகைகளை ரீயூனியன் தீவுக்கு அனுப்பினார். சிறுவயதில் நாங்கள் ஓடித் திரிந்த தாவரவியல் பூங்கா 1826-ல் ஏற்பட்டது. அங்கே நெடுங்காலம் உழைத்த பெரோத்தே 1870-ல் புதுச்சேரியிலேயே காலமானார். சென்னையில் டாக்டர் ராபர்ட் வைட் 1835-ல் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். கதீட்ரல் சாலையில் நெடுங்காலம் அதன் தோட்டம் இருந்தது. எதிரே செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு டிரைவ்-இன் உட்லண்ட்ஸில் காப்பி குடித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

1865-ல் கவர்னர் டெனிசன் காலத்தில் சைதாப்பேட்டையில் மாதிரிப் பண்ணை வைத்தார்கள். நம் விவசாயிக்கு விவசாயம் கற்றுக்கொடுப்பது நோக்கம். 1868-ல் அங்கே தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய், பிற்பாடு வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இதற்கிடையில் 1889-ல் லண்டனிலிருந்து வோல்கர் என்ற வேளாண் வேதியியல் நிபுணரை அனுப்பி, இந்திய விவசாயத்தில் என்ன குறை என்று பார்க்கச் சொன்னார்கள். நாடு முழுக்கச் சுற்றிவிட்டு 1893-ல் வந்த அறிக்கையில் அவர் எழுதியதன் சாரம், இந்திய உழவர் சராசரி ஆங்கிலேய விவசாயிக்குக் குறைந்தவர் இல்லை, சில விஷயங்களில் மேலானவர் என்பது. எதை எப்போது விதைப்பது என்ற அறிவு அதில் பெரும் பங்கு.

நம் ஆட்கள் அதைப் பட்டம் என்றார்கள். ஆடிப் பட்டம், புரட்டாசிப் பட்டம், தைப் பட்டம், சித்திரைப் பட்டம். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதை ஏதோ நல்ல நாள் பார்க்கும் சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். காரணம் கணக்கானது. ஆடியில் மாலை மழை தலைகாட்டும், வெயில் இறங்கும். ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்து, கொடி ஏறிவிடும். மழை ஓய்ந்ததும் பூ. முட்டைக்கோஸ், காரட், பீட்ரூட் மாதிரிச் சீமைக் காய்களுக்குக் குளிர் வேண்டும் என்பதால், சமவெளியில் ஐப்பசி கார்த்திகையில் தொடங்கினால்தான் மார்கழி, தைக் குளிர் கிடைக்கும். ஐரோப்பாவில் வசந்தத்துக்குக் காத்திருக்கிறார்கள். நாம் வெயில் தணியக் காத்திருக்கிறோம்.

சரி, தண்ணீர் விட்டும் அவரை ஏன் பூக்கவில்லை? இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பது எனக்குத் தனி சந்தோஷம். பாரீசில் ழூலியன் தூர்னுவா என்ற இளம் ஆராய்ச்சியாளர், சில செடிகள் பூப்பதற்குச் சூட்டைவிட இரவின் நீளமே காரணமாக இருக்கலாம் என்று கண்டார். வேலையை முடிக்க விடவில்லை. 1914-ல் முதல் உலகப் போரில் இறந்தார். பிறகு அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர், கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தைத் தினமும் மாலையில் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பகலைக் குறைத்தார்கள். பூத்துவிட்டது. 1920-ல் அதை வெளியிட்டார்கள்.

நம் நாட்டுக் கொடி அவரையும் அந்த ஜாதி. சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கே தெரியாத அந்த வித்தியாசம் கொடிக்குத் தெரிகிறது. இரவு நீளும்வரை இலை விட்டுக்கொண்டே இருக்கும். நான் பிடுங்கிய கொடிகள் மலடு இல்லை. இன்னும் நான்கு மாதம் பொறுத்திருந்தால் போதும். (எந்த மாதமும் காய்க்க வேண்டுமென்றால் கோவையிலிருந்து வந்த செடி அவரை ரகங்கள் உண்டு. அவை இரவுக் கணக்கைப் பார்ப்பதில்லை.)

மீதி 9 விதைகளை அதே ஆடியில் ஊன்றினேன். அந்த அம்மாள் மாடிச் சுவர் மேலிருந்து மேற்பார்வை. 7 முளைத்தன, ஐப்பசி மழைக்குப் பின் 4 நின்றன. கார்த்திகை தீபத்தன்று விளக்கு வைக்க மாடிக்குப் போனபோது, ஊதா நிறத்தில் முதல் கொத்து. தையில் காய் பறித்தேன். முதல் பறியலை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தேன். நான்கு கொடியிலும் சில காய்களை முற்றவிட்டு, காய்ந்தபின் விதை எடுத்தேன். கணக்கெழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? 112 விதைகள்.

மாடியில் விதைக்க நினைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அவரை, வெண்டை, பீர்க்கை, புடலையை நேராகத் தொட்டியில் ஊன்றலாம். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். கத்தரி, தக்காளி, மிளகாய் என்றால் குழித்தட்டில் நாற்று விட்டு, நான்கைந்து வாரத்தில் எடுத்து நட வேண்டும். தேங்காய் நார்த்தூளை இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். நம் பகுதி நிலத்தடி நீர் பல தெருக்களில் உப்பு. நாற்றுக்கு அது ஆகாது. மெட்ரோ தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோ விடுங்கள். துறைமுகத்து நிலக்கரித் தூசி இலையில் கருப்பாகப் படிந்த காலம், 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் பெரும்பாலும் முடிந்தது. விதையை நன்றாகக் காயவைத்துச் சாம்பலில் போட்டு மூடினால் ஈரமும் வண்டும் அண்டாது. அவள் செய்தது அதுதான்.

கடைசியாக ஒன்று. புதுச்சேரி 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, ஆறு மாதத்துக்குள் விருப்பம் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. என் சித்தப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. சித்தப்பா மகன் இப்போது பாரீசுக்கு வடக்கே, சின்னத் தோட்டம் உள்ள வீட்டில் இருக்கிறான். "அண்ணி அவரை எனக்கும் கொஞ்சம் அனுப்புங்கண்ணா" என்று கேட்டான். அண்ணி கையால் சாப்பிட்டவன். போன வருடம் ஊருக்கு வந்த உறவினர் மூலம் பத்து விதை போயிற்று. ஏப்ரலில், சரியாக ஜெர்மினால் மாதத்தில், ஜன்னல் ஓரம் தொட்டியில் விதைத்தான். அங்கே கோடையில் பகல் 16 மணி நேரம். கொடி வேலியைத் தாண்டிப் போனது. செப்டம்பர் கடைசியில் இரவு நீண்டு, அக்டோபரில் பூத்தது. பிஞ்சு இறங்குவதற்குள் உறைபனி வந்து ஒரே இரவில் கருகிவிட்டது.

"பூவைப் பார்த்துட்டேண்ணா, அது போதும்" என்றான் போனில். குரல் ஒரு மாதிரி இருந்தது.

அவனுக்கு இந்தத் தையில் காய்ந்த காய்களையே அனுப்பியிருக்கிறேன், உரித்துச் சமைத்துக்கொள்ள. விதைகள் இங்கேயே இருக்கட்டும். அடுத்த வீட்டுக்கு இருபது, மகள் வீட்டுக்கு இருபது, மீதி ஓவல்டின் டப்பாவில். மேலே ஒரு சீட்டு ஒட்டி, ஆபீஸ் பழக்கப்படி தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன்: "ஆடிக்கு முன் திறக்கக் கூடாது."