கவாசாகி நோய்: நம் ஊரில் குறைவா, கண்ணில் படுவது குறைவா?

ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. இரண்டு கண்களும் சிவந்திருக்கின்றன, ஆனால் பீளை கட்டவில்லை. உதடு வெடித்து, நாக்கு செக்கச் செவேலென்று இருக்கிறது. உடம்பெல்லாம் தடிப்பு. தட்டாஞ்சாவடியில் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் அம்மை என்போம், இல்லையென்றால் டெங்கு என்போம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சில குழந்தைகளுக்கு மட்டும் அது கவாசாகி நோயாக இருக்கும். இது ரத்தக் குழாய்களில் வரும் அழற்சி. இதயத்துக்கு ரத்தம் தரும் தமனிகளையே அதிகம் தாக்குகிறது.

டோமிசாகு கவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1961-இல் 4 வயதுச் சிறுவன் ஒருவனிடம் இதை முதலில் கவனித்தார். 1967-இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1970 முதல் ஜப்பான் நாடு முழுவதும் கணக்கெடுத்து வருகிறது. 2018-இல் அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் சுமார் 359 பேருக்கு இந்நோய் வந்தது. அமெரிக்காவில் அதே வயதில் 20 பேர் அளவுதான். ஹவாய்த் தீவில் வாழும் ஜப்பானிய வம்சாவளிக் குழந்தைகளுக்கும் இது அதிகம் என்பதால் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். ஆனால் 1979, 1982, 1986 ஆண்டுகளில் ஜப்பானில் இது அலை அலையாக வந்ததை மரபணுவால் மட்டும் விளக்க முடியாது. ஏதோ ஒரு கிருமி தூண்டிவிடுகிறது என்ற சந்தேகம் இன்றும் சந்தேகமாகவே இருக்கிறது. ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்கு இது தொற்றுவதில்லை.

இந்தியாவில் நாடு தழுவிய கணக்கு இல்லை. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவர்கள் தங்கள் நகரில் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்தார்கள். 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேரில் 1994-இல் 0.51 ஆக இருந்தது 2007-இல் 4.54 ஆயிற்று. நோய் அத்தனை வேகமாகப் பெருகியது என்பதை விட, மருத்துவர்கள் அதை அடையாளம் காணப் பழகினார்கள் என்பதே நம்பத் தகுந்த விளக்கம். அப்படியானால் தேடாத ஊர்களில் எத்தனை குழந்தைகள் தவறவிடப்படுகிறார்கள்?

தவறவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் ஆபத்து. மருந்தே கொடுக்காவிட்டாலும் காய்ச்சல் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். விரல் நுனியில் தோல் உரியும். வீட்டார் நிம்மதி அடைவார்கள். ஆனால் சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதயத் தமனியில் வீக்கம் உண்டாகிறது. காய்ச்சல் தொடங்கிய 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் இது 100-க்கு 5 என்ற அளவுக்குக் குறைகிறது. கிலோவுக்கு 2 கிராம், அதாவது 10 கிலோ குழந்தைக்கு 20 கிராம் தேவை. விலை அதிகம்தான். ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்படும் மருந்து அது.

ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தையிடம் எல்லா அறிகுறிகளும் தெரியாது. இதயத்துக்கு ஆபத்தோ அதிகம். பிறந்தவுடன் இடது கையில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு திடீரென்று சிவந்து வீங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையும் இதய எக்கோவும் பார்க்க தட்டாஞ்சாவடிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. காய்ச்சல் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு தட்டம்மைத் தடுப்பூசியைப் பொதுவாக 11 மாதம் தள்ளிப் போடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருந்தால் ஊசி போடும் நர்ஸுக்கு அது தெரியும்.